கருவாட்டு வாசனையில் ஒரு பாக்கெட்

போன வாரம் கல்லூரியிலிருந்து வந்த பேத்தி என் கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தாள். கருநீலக் கவர். ஓரம் கிழிந்து, வாய் சுருட்டி மடிக்கப்பட்டிருந்தது. உள்ளே மொறுமொறுவென்ற சோளப் பஃப், நாலே நாலு துண்டுகள். இருபது ரூபாய் பாக்கெட்டில் நாலு துண்டுதானா என்று கேட்டேன். காலேஜ் பஸ்ஸில் பிடுங்கித் தின்றுவிட்டார்கள், இந்த நாலையும் உங்களுக்காக ஒளித்துவைத்துக் கொண்டுவந்தேன் என்றாள். வழக்கம்போல முதலில் எடையைப் பார்த்தேன், பிறகு காலாவதித் தேதி, பிறகு உப்பின் அளவு. எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு, எதையும் படிக்காமல் வாயில் போடுவதில்லை. கடைசியாகத்தான் கவரின் முன்பக்கத்தைத் திருப்பினேன். ஒரு தட்டு நிறைய நெத்திலிக் கருவாடு, நடுவில் பிளந்த எலுமிச்சம்பழம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் கருவாட்டுச் சுவை என்று அச்சாகியிருந்தது. நாடு முழுக்க விற்கிற பெரிய கம்பெனியின் பாக்கெட். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி பயந்துபோய், பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள்.

மாத்திரை போட்டிருந்தேன். எனக்கு நினைவுக்கு வந்தது முதலாளியம்மா.

கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் உட்கார்ந்து மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. ஒத்தக்கடையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மக்காச்சோளப் பஃப் போடுகிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. ஒரு மெஷின், ஒரு மசாலா டிரம், பாக்கெட் ஒட்டுகிற பெண்கள் ஆறு பேர். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள்தான் அவர்கள் சரக்கு. சரக்கை எண்ணி ஏற்றவும் திரும்பி வருவதை எண்ணி இறக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எழுமலைப் பக்கம் நிலமில்லாத கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, உணவுத் தொழில்நுட்பம் படித்து, ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். எல்லாரும் முதலாளியம்மா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்பார்.

தக்காளிச் சுவையும் மசாலாச் சுவையும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்த இரண்டோடு நின்றிருந்தால் எனக்கு இத்தனை அதிர்ச்சிகள் இருந்திருக்காது. நான் சேர்ந்த மாதமே மல்லிகைப்பூச் சுவையில் ஒரு பஃப் போட்டார். மதுரை என்றால் மல்லி, அதை ஏன் வாயில் போடக்கூடாது என்பது அவர் கேள்வி. போட்டுப் பார்த்தேன். கல்யாண வீட்டில் யாருடைய கொண்டையையோ கடித்துவிட்ட மாதிரி இருந்தது. பாக்கெட் ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "அம்மா, இதத் தலையில வச்சுக்கிறவா?" என்று கேட்டாள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் முதலாளியம்மாதான். அடுத்து ஜிகர்தண்டாச் சுவை. பாலும் நன்னாரியும் சோளமாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பிறகு பருத்திப்பால் சுவை, சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாக. இருமல் மருந்து வாங்கப் போனவனுக்கு முறுக்கைக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்கள் சரத்தோடு திருப்பி அனுப்பினார்கள். போன பெட்டிகள் எத்தனையோ அத்தனையும் வந்தன. பண்டகசாலையில் இருந்த காலம் முழுவதும் போனதும் வந்ததும் இப்படி அச்சாகப் பொருந்தி நான் கண்டதில்லை.

ஆனாலும் இவையெல்லாம் அவருக்கு விளையாட்டு என்பது கருவாட்டுச் சுவை வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்று காலை கம்பெனி வாசலிலேயே வாசனை என்னை நிறுத்திவிட்டது. உள்ளே நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து மணல்போல அரைத்து, டிரம்மில் கொட்டிச் சுற்றவிட்டிருந்தார். சூடான பஃபின் மேல் அந்தப் பொடி படிந்து வெளியே வந்தது. ஒரு துண்டை என் முன்னால் நீட்டினார். நான் தோளில் கிடந்த துண்டை மூக்கில் வைத்துக்கொண்டேன். வீட்டில் நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், கருவாடும் உண்டு. ஆனால் கருவாட்டை அடுப்படியில் பார்ப்பது வேறு, பிள்ளைகள் தின்கிற பளபளப்புக் கவரில் பார்ப்பது வேறு. இதை யாரம்மா பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

அவர் கையை மடக்கவில்லை. "நீங்களும் ரெண்டடி பின்னால போயிட்டீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் மாதிரியே எண்ணிச் சொன்னார்.

பிறகு டிரம்மை நிறுத்திவிட்டு அவர் சொன்னது இதுதான். ஊரிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவர். அம்மா நாற்று நடப் போகும் முன்பு தூக்குவாளியில் சோறும் சுட்ட கருவாடும் வைத்துக் கொடுப்பார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் பக்கத்துப் பிள்ளை எழுந்து போய்விடும். நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் அந்தச் சீட்டில் ஒரு இடம் காலியாகவே வரும். மதியம் வகுப்பில் மூடியைத் திறந்ததும் பெஞ்சு முழுக்க நகரும். ஒரு டீச்சர், நல்லவர்தான், சத்தம்கூடப் போடமாட்டார், குழாயடிப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாம்மா என்று ஒருநாள் சொன்னார். அதன் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இவரே போய்விடுவார். அம்மாவிடம் கருவாடு வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. வேறு எதுவும் வீட்டில் இல்லை என்பது தெரியும்.

"மத்ததெல்லாம் சும்மா போட்டுப் பாத்தது சார். இது ஒண்ணு மட்டும் ஓடணும். எந்த வாசனைக்கு எந்திரிச்சுப் போனாகளோ, அதையே காசு குடுத்து வாங்கி, பக்கத்துல இருக்கிறவக கிட்ட ஒண்ணு குடுன்னு கைய நீட்டணும். அது போதும் எனக்கு."

அவர் நீட்டிய துண்டை வாங்கினேனே தவிர, தின்னவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அவரும் அதைப் பார்த்தார்.

சரக்கு போயிற்று. மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர், பக்கத்தில் தொங்கிய ஷாம்பு சரமும் நாறுகிறது என்று அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். இன்னொருவர் கடை கடையாகச் சரக்குப் போடுகிற லைன் வண்டிக்காரரிடம், உங்க கம்பெனியில் எலி கிலி செத்துக் கிடக்கிறதா, போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். முதலாளியம்மா ஒவ்வொரு பெட்டியையும் என்னோடு நின்று எண்ணினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், கண்மாய்க்கரைக் கடை ஒன்றிலிருந்து மட்டும் சரக்கு திரும்பவில்லை. இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்த வாரம் ஒன்பது. மழை பெய்த வாரங்களில் கூடுதலாகப் போவதைக் கவனித்துச் சொன்னது நான்தான். மழைக்கு மொறுமொறுவென்று உறைப்பாக எதையாவது தின்னத் தோன்றும், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று விளக்கமும் கொடுத்தேன். சரக்கு திரும்பி வந்த பிறகு அந்த அம்மா முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கடைக்காரருக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்றார். கம்பெனி பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். யார் வாங்குகிறார்கள், பெரியவர்களா பிள்ளைகளா, எத்தனை பேர் என்று நேரில் பார்த்துவிட வேண்டும், கவரை மாற்றிப் பெரிதாகப் போட வேண்டும், தக்காளியை நிறுத்தினாலும் பரவாயில்லை என்றார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்மாய்க்கரையில் எங்கள் கவர்கள் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தன. நான் எண்ணத் தொடங்கினேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். "பாத்தீங்களா சார், காத்தாட உக்காந்து தின்னுருக்காக" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் வரிசையாக ஆட்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அருகில் இருந்தவர் எங்கள் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்தார். நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். அவர் பஃபை உள்ளங்கையில் கொட்டி நொறுக்கினார். பக்கத்தில் பிசைந்து வைத்திருந்த மைதா மாவில் தூவினார். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, முள்ளில் குத்தி, தண்ணீருக்குள் வீசினார்.

அவர் எங்களைப் பார்த்துவிட்டு, வெளியூர் ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்து உற்சாகமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "எம்புட்டுக் காலம்ணே மண்புழுவத் தோண்டிக்கிட்டுக் கெடந்தோம். இது வந்த பெறகு கெளுத்தி வரிசையில வந்து நிக்கிது." மழை பெய்து கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வந்தால் இன்னும் நன்றாகக் கடிக்குமாம். மழைக் கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை நீங்கள் யாரும் தின்பதில்லையா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மீனுக்குப் போடுறத நாம எதுக்குண்ணே திங்கணும்?" என்றார்.

நான் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரப் பொட்டலத்தைத்தான் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போனார், தான் யார் என்று சொன்னார், கடிகாரத்தை நீட்டினார். கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதிக சரக்கு எடுத்ததற்குப் பரிசு என்றதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப இத மீனுக சார்பா வாங்கிக்கிறேன் தாயி" என்றார். கடையில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, எங்கள் கதை அவர்களுக்கு எப்படித் தெரியும். முதலாளியம்மாவும் கூடவே சிரித்தார். ஆணி அடித்து அது மாட்டப்படும்வரை நின்றார். நேரத்தைத் தானே திருத்தி வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவர் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்குகிற சமயத்தில் முதலாளியம்மா, "மீனாச்சும் மூஞ்சியத் திருப்பலையே சார்" என்றார். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் கருவாட்டுச் சுவை நின்றது. கண்மாய்க்கரைக் கடைக்காரர் எத்தனையோ தடவை ஆள் அனுப்பியும் போடவில்லை. டிரம்மைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினார்கள், புளி போட்டுத் தேய்த்தார்கள். வாசனை போகவில்லை. அடுத்து வந்த தக்காளிச் சரக்கு முழுவதும் கருவாடு மணத்துத் திரும்பி வந்தது. கடைசியில் டிரம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் பஃபையும் விட்டுவிட்டு மசாலாக் கடலைக்கும் மிக்சருக்கும் மாறிக்கொண்டார். புதிதாக எதையும் போட்டுப் பார்க்கவில்லை. நானும் முழங்கால் வலியைச் சொல்லி நின்றுவிட்டேன்.

பேத்தி கொடுத்த பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை அவரைப் பார்க்கப் போனேன். கடலையைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கவரைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் வைத்தார், தின்றார்.

"இது கருவாடு இல்ல சார். கருவாட்டக் கண்ணால பாக்காத யாரோ, அடுத்தவக சொல்லக் கேட்டுச் செஞ்சிருக்காக."

எனக்கும் அதே கோபம்தான் என்று தொடங்கி, எடை குறைவு, விலை நாலு மடங்கு, பஃப் பாதி காற்று பாதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மிச்சம் எங்கே என்று கேட்டார். காலேஜ் பஸ்ஸில் பேத்தியின் தோழிகள் தின்றுவிட்டார்கள் என்றேன்.

"பஸ்ஸுலயா?"

"ஆமாம்மா."

"சன்னலெல்லாம் தெறந்திருந்துச்சா?"

ஏசி பஸ், திறக்க முடியாது என்றேன். சல்லடையைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை எழுந்து போகவில்லையா என்று கேட்டார். எழுந்து போவதாவது, பின் சீட்டிலிருந்தவர்களும் வந்து பிடுங்கியிருக்கிறார்கள், இந்த நாலும் தப்பித்ததே பெரிது என்று நான் குறைபட்டுக்கொண்டேன். அவர் இன்னொரு துண்டைத் தின்றார். மூன்றாவதையும் தின்றார். கடைசித் துண்டை என் முன்னால் நீட்டினார். உப்பு எனக்கு ஆகாது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

"எத்தன பேரு தின்னாகன்னு எண்ணிக் கேட்டீங்களா சார்?"

துண்டுகளை எண்ணியிருந்தேன். எடையை, விலையை, உப்பை எல்லாம் பார்த்திருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

"கேட்டுச் சொல்லுங்க" என்றார். காலிக் கவரை நீவி மடித்து, தராசுக்கு அடியில் வைத்தார்.