வெள்ளை ஸ்பிரேயர்

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்வாசலில், மகளின் கைக்கு எட்டாத ஆணியில், ஒரு வெள்ளை ஸ்பிரேயர் தொங்குகிறது. உள்ளே வினிகர். பக்கத்து வீட்டிலிருந்த நர்ஸ் அக்கா விட்டுப்போனது.

முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைக்கு வேலைக்கு வந்தவர் அவர். வெயில் ஏறியதும் கல்பாதை இடுக்கில் முளைத்த புல்லுக்கு வினிகர் அடிப்பார். மாலைக்குள் இலை கருகிவிடும், வேர் சாகாது. ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். மிளகுத் தோட்டம் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க நர்ஸம்மா, புல்லுக்கு ஊறுகா போடறீங்களா? ஒருக்கா களை மருந்து அடிச்சா தீந்துதுங்க" என்று சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். "மொளைக்கட்டுங்க. மறுக்கா அடிச்சுக்கறேன்." இவ்வளவு பிடிவாதம் எதற்கென்று நானும் நினைத்ததுண்டு.

மகள் நடக்கப் பழகிய சமயம். ஒருநாள் அந்த ஸ்பிரேயரின் மூக்கை வாயில் வைத்து, முகம் சுளித்து அழுதாள். வினிகர்தானே என்று ஓடினேன். பாதியில்தான் நினைவு வந்தது: முந்தின நாள் எதிர்வீட்டுக்காரர் அதை இரவல் வாங்கிப்போய்த் திருப்பி வைத்திருந்தார். இங்கே மண்வெட்டியும் ஸ்பிரேயரும் வீடு மாறிக்கொண்டே இருக்கும். அவர் எதை ஊற்றினாரோ? ஆஸ்பத்திரிக்குப் போக அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகள் அத்தனையும் கண்முன் வந்தன. என் அலறலுக்கு ஓடிவந்த அக்கா குழந்தையின் வாயை மோந்தார். பிறகு ஸ்பிரேயரைத் தன் நாக்கிலேயே அடித்துக்கொண்டார். "புளிப்புத்தான் கண்ணு. வினிகர்தான்" என்றவர், குழந்தையின் வாயைக் கழுவிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்தவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அன்றுதான் அக்கா சொன்னார். அவர் கணவர், மிஞ்சிய களை மருந்தைக் காலிக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தார். பள்ளிவிட்டு வந்த மகன் தாகத்தில் ஒரு வாய் குடித்துத் துப்பினான். துப்பிவிட்டானே, ஒன்றும் ஆகாது என்றார்கள் உறவினர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனும் நன்றாகத்தான் இருந்தான். அந்த மருந்து சில நாள் கழித்துத்தான் கொல்லும் என்பது நர்ஸான அவருக்குத் தெரிந்திருந்தது. "பேசிக்கிட்டே இருந்தான் கண்ணு. எப்பம்மா ஊட்டுக்குப் போறதுன்னு கேட்டான். நாளைக்குன்னு சொன்னேன். தெனமும் அதையேதான் சொன்னேன்."

அக்கா மாற்றலாகி மலையிறங்கிவிட்டார். புல் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வினிகரை நானே வாங்கி நானே ஊற்றுகிறேன். ஸ்பிரேயரை யாருக்கும் இரவல் தருவதில்லை. ஆனாலும் ஆணியிலிருந்து எடுத்ததும் ஒரு சொட்டை என் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் என்கிறார் என் கணவர். இருக்கலாம். நாக்கு புளித்த பிறகுதான் கதவைத் திறந்து மகளை வெளியே விடுகிறேன்.