அத்தை சொல்லி நான் எழுதிய நோட்டு

சங்கக் கொட்டகையில் அன்று காலை அப்பா இருந்தார், மாமா இருந்தார், சங்கத் தலைவரும் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். தெருவிலேயே ஆறாம் வகுப்புவரை போன ஒரே ஆள் என்பதால் நானும் இருந்தேன். அத்தை இல்லை. அவளுடைய பிராதைத்தான் விசாரிக்கப் போகிறார்கள். ஆனால் ஆண்கள் கூடும் பஞ்சாயத்தில் பெண்கள் வந்து உட்காரும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு நின்றிருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா அவளுடைய புருஷன், விவசாயக் கூலிகள் சங்கத்தின் கிளைச் செயலாளர். கூலிச் சட்டம் வந்த பிறகும் பண்ணையில் பழைய அளவுதான் என்றபோது, அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு அறுப்பை நிறுத்தி நாற்பது நாள் ஜெயிலில் இருந்தவர். வெளியே வந்த அன்று ஊர்வலம் முழுக்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பண்ணை ஆட்கள் எதிரே வந்தால் ஒதுங்காத முதல் ஆள் அவர்தான். வீட்டுக்குள் அத்தையை அடிப்பார். என்னைத் தோளில் தூக்கினவரும் அத்தையை அடிக்கிறவரும் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும், எப்படி என்றுதான் தெரியாது.

பஞ்சாயத்துக்கு முந்தைய மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா யாருக்கும் சொல்லாமல் அவளைத் தாலுகா கோர்ட்டுக்கு அழைத்துப் போனாள். ஏழைகளிடம் பணம் வாங்காமல் வழக்கு எடுக்கிற வக்கீலம்மா ஒருவர் சனிக்கிழமைகளில் அங்கே வருவார். அவர் சொன்னதை மறந்துவிடாமல் இருக்க அத்தை பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாளாம். என்றைக்கு அடி விழுந்தது, எதால் விழுந்தது, யார் பார்த்தார்கள், எல்லாம் எழுதி எடுத்து வா. ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து வை. அந்தாள் கையில் மட்டும் சிக்கிவிடக் கூடாது.

எழுத நான் இருந்தேன். நாற்பது பக்க நோட்டு. அத்தைக்குத் தேதி தெரியாது. "குறுவை நாத்துப் பறிச்ச அன்னைக்கு, தம்பி. மம்பட்டிப் பிடியால." "ஆத்துல தண்ணி வந்துச்சே, அதுக்கு மறுநாள்." ஒன்பது தடவை என்று விரல் மடக்கிச் சொன்னாள். நான் நம்பர் போட்டு, மார்ஜின் கோடு கிழித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் பின் அட்டையில் சோற்றால் ஒட்டினேன். எழுதினது என்ன என்பதைவிடக் கையெழுத்து நன்றாக வந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

விஷயம் சங்கத்துக்கு எட்டியது. "நம்மாளு மேல நாமளே கேசு போட்டா பண்ணையில கொண்டாடி வெடி போடுவானுங்கப்பா. ஸ்டேஷன்காரன் இவன் எப்ப சிக்குவான்னு உக்காந்திருக்கான்" என்றார் தலைவர், அன்று கொட்டகையில். அதில் பொய் இல்லை. "தங்கச்சி ஏதோ எழுதி வச்சிருக்காமே, பையன் படிக்கட்டும். நியாயமா இருந்தா நாமளே வக்கீலம்மாகிட்ட அனுப்பி வைப்போம்."

அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அப்பா நோட்டை என்னிடம் கொடுத்தார். எதிரே மாமா. "படி மாப்ள, கலெக்டரு கணக்கா படிக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் இரண்டைப் படித்தேன். கன்னத்தில் அறைந்தது, தலைமுடியைப் பிடித்து இழுத்தது. "இது எந்த வீட்டுல இல்ல?" என்றார் ஒருவர். மூன்றாவது, அத்தை முழுகாமல் இருந்தபோது வயிற்றில் உதைத்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்த வார்த்தைகள் வாயில் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மாமா என்னைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாது என்று இருந்தது. தாள்களைச் சேர்த்துப் புரட்டி, "இப்படிக்கு" என்ற இடத்துக்கு வந்து நின்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

"அவ்வளவுதாங்க."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. அதட்டவில்லை. "தம்பி, இன்னும் ஏழு இருக்குப்பா. மூணாவதுலேர்ந்து படி."

"இல்ல அத்தை. இவ்வளவுதான் எழுதினோம்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பொம்பளைங்க சும்மா இருங்க" என்றார் அப்பா. மாமா எழுந்து வந்து என் தலையைத் தடவிவிட்டு, நோட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரெண்டு அறைக்கா கோர்ட்டுக்குப் போவது என்று முடிவானது. இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று மாமா கொடிக்கம்பத்தைத் தொட்டுச் சொன்னார். அன்று சாயங்காலமே அத்தை அவர் பின்னால் வரப்பில் நடந்து போனாள். போகுமுன் என் சட்டையில் கழன்றிருந்த பித்தானைப் போட்டுவிட்டாள். என்மேல் கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

படிக்கத் தெரியாதவளுக்கு நோட்டில் இருப்பது எப்படித் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்பதும் அவளுக்கு மனப்பாடம் என்பதோ, நான் தாண்டின ஒவ்வொரு வரியையும் அவள் அங்கே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதோ, இன்னும் ஏழு என்று அவளே சொன்ன பிறகும் அப்போது புரியவில்லை.

அத்தை மறுபடியும் வந்தாள். ஒட்டி வைத்த சீட்டுகள் நோட்டோடு போயிருந்தன. புதிதாக ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தடவை வக்கீலம்மாவே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார், என்னை யாரும் கூப்பிடவில்லை. தனியாக இருக்கவும் ஜீவனாம்சத்துக்கும் கோர்ட்டு உத்தரவு வந்தது. அதற்குள் போனது பதினோரு மாதம், அத்தைக்கு இடது காது கேட்பதும்.