வண்டியில் தண்ணி கொட்டிய மத்தியானம்

எஞ்சின் பழுதாவது எனக்குப் புதிய விசயமில்லை. மன்னாரில், பள்ளிமுனைக் கடற்கரை வீட்டில் பிறந்தவள் நான். அப்பாவின் படகு நடுக்கடலில் நின்றுபோவதும், வேறொரு படகு அதைக் கட்டி இழுத்து வருவதும், அம்மா கரையில் நின்று எஞ்சினையும் அப்பாவையும் சேர்த்து ஏசுவதும் எங்கள் வீட்டில் மழை வெயில் மாதிரி வந்துபோகும். ஓர் எஞ்சின் உண்மையில் நோகிறதா, சும்மா நடிக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இத்தனை பழுதுகளைக் கண்ட நான் ஒரேயொரு பழுதுக்குத்தான் நன்றி சொல்லவேண்டியவள். அது என் கணவரின் பழைய டீசல் வானில், இந்தியாவில் வேன் என்பார்களே அதில், முருங்கனைத் தாண்டி மன்னாருக்கு வரும் வழியில் நடந்தது.

அப்போது எனக்கு ஏழு மாதம். அம்மா என்னோடு பேசாமல் இருந்த காலம் அதைவிட நீளம். காரணம் என் கணவர். அவர் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெரியவரான பிறகு தாய் தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தவர். சைவம். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். கோயிலில் வைத்துத் தாலி கட்டாமல் பதிவு எழுதிக்கொண்டோம். "ஊர் பேர் தெரியாத இந்தியாக்காரனோடை போயிட்டாள்" என்று அம்மா கதவைச் சாத்தியவர்தான். அந்தக் காணி முருங்கனுக்கு அங்காலே என்பதும், அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணில் நெல் விதைத்தவர்கள் என்பதும் அம்மாவின் காதில் ஏறவில்லை. அப்பாவும் உயிரோடு இல்லை, எடுத்துச் சொல்ல.

எங்களில் முதல் பேறு தாயின் கையில்தான். அம்மா தம்பியிடம் சொல்லி அனுப்பினார்: "அவளைப் பேறுக்கு வரச் சொல்லு. அவளை மட்டும்." நானும் தம்பியிடமே திருப்பி அனுப்பினேன்: "வந்தால் ரெண்டு பேரும் வருவம். இல்லாட்டி ஒருத்தரும் இல்லை." தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. வாய் அப்படிச் சொன்னதே தவிர, அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவதை நினைத்து இரவில் அழுவேன். தலையணைதான் அதற்குச் சாட்சி. இறங்கிப் போகவும் மனம் வரவில்லை. வெளியே விட்டுவிட்டு வா என்பதற்கு அவர் என்ன, செருப்பா?

அன்றைக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கான். வாடகை ஹயருக்கு ஓடும் அந்த வானில் நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்டோம். அந்த வகை வானில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கும். அதனால் எஞ்சினுக்கு வரும் காய்ச்சல் மீற்றருக்குத் தெரிய முன்னரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

"இஞ்சாருங்கோ, சீற் சுடுது."

"வெயிலு அப்படி."

"வெயில் மேலாலை அல்லோ சுடும்? எனக்குக் கீழாலை சுடுது."

"நீ கொஞ்சம் சும்மா வர்றியா? நேத்துதான் நானே ஹோஸைக் கட்டினேன்."

அவர் தானே கட்டினார் என்பதுதான் எனக்குப் பயம். ரேடியேற்றரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் றப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு. புதிது வாங்குங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, சைக்கிள் ரியூபைச் சுற்றிவிட்டு இன்னும் ஒரு வருசம் ஓடும் என்றார். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் காலடியில் 'புஸ்' என்றது. ஆவி எழும்பி முன்கண்ணாடி வெள்ளையாகிப் போனது. அட கோதாரி! அவர் ஓரம் கட்டி நிறுத்தினார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஒரு உடைமரம், அதன் கீழே கைப்பிடியளவு நிழல்.

அவர் இறங்கிய வேகத்தில் போத்தலோடு வயலோர வாய்க்காலுக்கு ஓடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஊத்தாதேங்கோ! கொதிச்ச எஞ்சினிலை பச்சைத் தண்ணி ஊத்தினால் வெடிக்கும். பிறகு வானை பழைய இரும்புக்குத்தான் குடுக்கவேணும்." நல்ல காலம், நின்றார். மனுசனுக்குக் கோபம் வராது, அது ஒரு வரம். கோபப்படும் வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன்.

என் தம்பிக்கு எஞ்சின் வேலை தெரியும். அம்மாவுக்குத் தெரியாமல் எங்களோடு நல்ல மாதிரி. என் கணவர் தம்பிக்கு அழைப்பு எடுத்தார். எங்களிடம் இருந்த ஒரே கைப்பேசியில் சார்ஜ் முடியும் நேரம் என்பதால் மூச்சு விடாமல் பேசினார்.

"மச்சான், வண்டில தண்ணி எல்லாம் கொட்டிடுச்சு! முருங்கன் தாண்டி நடுரோட்டுல நிக்கிறோம். ஒரே சூடு. இனிமே ஒரு அடி நகராது. சீக்கிரம் வா!"

அத்தோடு கைப்பேசி செத்துவிட்டது.

தம்பி அன்று கடலுக்குப் போயிருந்தான் என்பதும், அவனுடைய கைப்பேசி வீட்டில் கிடந்தது என்பதும், அதை எடுத்தவர் அம்மா என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் ஓடுவதெல்லாம் வண்டி. எங்களுக்கு அது வாகனம். எங்களில் வண்டி என்றால் மாட்டுவண்டி, இல்லாவிட்டால் வயிறு. பிள்ளைக்கு வண்டி குத்துது என்றால் வயிற்றுவலி. அம்மா படம் பார்க்காதவரில்லை, இந்தியாக்காரர் வண்டி என்று எதைச் சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மகள் ஏழு மாத வயிற்றோடு இருக்கும்போது "வண்டியில் தண்ணி கொட்டிவிட்டது" என்று மருமகன் அலறினால் எந்தத் தாயின் காது சினிமாப் பேச்சை நினைக்கும்? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் விசயம் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. அந்த மனுசனோடு ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று மாதாவின் முன்னால் சொன்னவர் ஆயிற்றே! வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

நாங்கள் உடைமர நிழலில் தம்பியின் வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஓட்டோ வந்தது. நிற்பதற்கு முன்னரே அம்மா குதித்து இறங்கினார். பின்னால் பக்கத்து வீட்டு அக்கா, இரண்டு பெரிய சுடுதண்ணீர் பிளாஸ்க்குகளோடு. அம்மாவின் கையில் தோய்த்து மடித்த பழைய வேட்டிகள், செபமாலை, தீர்த்தப் போத்தல். அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம்! மெலிந்துபோயிருந்தார்.

"பிள்ளை, படு! நிக்காதை, படு! பன்னீர்க்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரம்?"

"ஆருக்கு உடைஞ்சது?"

"உனக்குத்தான்! வண்டியிலை தண்ணி கொட்டிட்டுது எண்டு அவர் சொன்னவரே!"

நான் வானைப் பார்த்தேன். வானுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, வீதியோரத்தில் குந்தியிருந்து சிரித்தார். "எணேய், வயிறு இல்லையெணை, வாகனமாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் கணவர் ஒன்றும் விளங்காமல் இவரையும் அவரையும் பார்த்தார். அம்மா இரண்டு கையாலும் என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிள்ளை உள்ளே ஓர் உதை விட்டது. அம்மாவின் கண்ணால் பொலபொலவென்று தண்ணீர் ஓடியது. அடுத்த கணமே முகம் பழையபடி இறுகியது.

"சரி. வந்தது வந்திட்டன். ஓட்டோவிலை ஏறு. வீட்டை போவம்."

"அவர்?"

"அவர் தன்ரை வாகனத்தைப் பாக்கட்டும்."

ஏறியிருக்கலாம். ஆசை இல்லாமலா? அம்மாவின் சேலையில் வந்த பழைய வாசத்துக்கு என் கால் தானாகவே ஒரு அடி வைத்தது. என் கணவரும் மெதுவாக, "போடி, அத்தை கூப்பிடுறாங்கல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விசர் ஏறியது. வாய்க்கால் மதகின் கட்டு மேல் போய்த் தொப்பென்று குந்தினேன்.

"நான் வாறதெண்டால் இந்த வாகனத்திலைதான் வருவன். அது ஓடாட்டி இஞ்சையே இருக்கிறன். பிள்ளையும் இஞ்சையே பிறக்கட்டும்."

"பிடிவாதக்காரி!"

"உங்கடை மகள்தானே!"

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். ஓட்டோக்காரர் இறங்கிப்போய் வயலைப் பார்த்தார். அம்மா வெயிலில் நின்று என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார், கொண்டுவந்த வேட்டிகளைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"என்ன உடைஞ்சது எண்டு கேள்," என்றார் என்னிடம்.

என் வயிறு ஆசனத்துக்கு அடியில் குனிய விடாது. ஆகவே சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தைத் தூக்கி, அந்த ஓட்டைக்குள் என் கணவர் ஒரு பக்கத்தாலும் அம்மா மறுபக்கத்தாலும் தலையை விட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கிழிந்த வலை பொத்திய கை அம்மாவுடையது. வேட்டியைக் கிழித்து நாடாவாக்கி, வெடிப்பின் மேல் இறுக்கி வரிந்தார். தலையோடு தலை முட்டும் தூரத்தில் இருந்துகொண்டு இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"அந்த நுனியைப் பிடிக்கச் சொல்லு."

"பிடிச்சுட்டேன்னு சொல்லு."

"இன்னும் இறுக்கி."

"இதுக்கு மேல இறுக்கினா கிழிஞ்சுடும்னு சொல்லு."

"எனக்கு முடிச்சுப் போடக் காட்டித்தர வேண்டாமெண்டு சொல்லு!"

நான் ஒன்றையும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது, எனக்கு எதற்கு அந்த உத்தியோகம்?

வேட்டியின் மேல் சைக்கிள் ரியூபையும் சுற்றினார்கள். ஊற்றத் தண்ணீர் வேண்டும், அதுவும் பச்சைத் தண்ணீராக இருக்கக்கூடாது. பிளாஸ்க் இரண்டும் நிறையப் பேறு பார்க்கக் கொண்டுவந்த சுடுதண்ணீர்! அதோடு வாய்க்கால் தண்ணீரைக் கலந்து, இளஞ்சூடாக்கி, ஆறிப்போயிருந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். என்னை ஸ்ராட் பண்ணச் சொன்னார்கள். சாரதி ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருகினேன். எஞ்சின் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. சத்தம் சரி. நோகவில்லை.

எல்லோரும் மூச்சு விட்ட நேரம் பார்த்து, கட்டின ஓரத்தால் மெல்லிய சீறல் கேட்டது. இவர் அவசரத்தில் உள்ளங்கையால் அதைப் பொத்தப் போனார். சூடான தண்ணீர் பீறிட்டது.

"தம்பி! கையை எடுங்கோ!"

அம்மா கத்திய கத்தலில் வயலில் நின்ற கொக்குகள் எழும்பின. கத்தியது மட்டுமில்லை, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தெடுத்துவிட்டார். நான் எஞ்சினை நிறுத்தினேன். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. வாய்க்காலுக்கு ஓடி வர நேரமில்லை. அம்மா யோசிக்காமல் தீர்த்தப் போத்தலைத் திறந்து அந்தக் கையில் முழுவதையும் ஊற்றினார். பிறகு குழந்தைக்கு ஊதுகிற மாதிரி ஊதினார். "எரியுதே? எரியுதே தம்பி?" என்று கேட்டுக்கேட்டு ஊதினார். என் கணவர் தன்னைப் பெற்ற தாயை இந்தியாவில் விட்டு வந்தவர். "இல்ல அத்தை" என்றார், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வாய்க்காரிக்கும் அழுகை வரும்.

ஓரத்தில் இன்னும் இரண்டு சுற்றுப் போட்டு அம்மா அந்த ஒழுக்கை அடைத்தார். அக்காவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, தான் வானின் பின் ஆசனத்தில் ஏறினார். அழுத்தம் ஏறாதபடி ரேடியேற்றர் மூடியை முழுதாக இறுக்காமல் விட்டு, மெதுவாக ஓட்டினோம். மன்னார்ப் பாலத்தைக் கடந்து, ஆஸ்பத்திரியில் ஸ்கானை முடித்தோம். பிள்ளை நல்ல சுகம் என்றார்கள். மறுபடி வானில் ஏறியபோது எங்கே போவது என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இவர்தான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்டார்.

"எந்தப் பக்கம் திரும்பணும் அத்தை? எனக்கு வழி தெரியாது."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. என்னைக் கட்டியவருக்கு நான் பிறந்த வீட்டுக்கு வழி தெரியாது. அம்மாவுக்கும் குத்தியிருக்கவேண்டும். வழி என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"இடக்கைப் பக்கம் தம்பி," என்றார் அம்மா. "நேரை போங்கோ. கோயிலடியாலை திரும்புங்கோ. அந்தக் கடையைத் தாண்டி... மெதுவாய், மெதுவாய். நீலக் கேற்."

வீதியில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். இவர் மதிலோரமாக, வெளியே, வானை நிறுத்தினார், எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிற எண்ணம் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அம்மா இறங்கினார். கேற்றின் ஒரு கதவைத் திறந்தார். மற்றக் கதவு திறந்து எத்தனையோ காலம், கொண்டி துருப்பிடித்துக் கிடந்தது. கல் ஒன்றை எடுத்துக் கொண்டியில் அடித்தார். அதையும் திறந்து, மதிலோடு சாத்திப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"ஏன் தம்பி ரோட்டிலை நிக்கிறியள்? உள்ளுக்கு விடுங்கோ."