பென்சிலால் அடித்த சாய்கோடுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. சனி, ஞாயிறுகளில் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிப்பேன். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சாவு, எது வந்தாலும் போவோம். குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. என் தலைமுறையில்தான் மாதச் சம்பளம் என்று ஆனது. நோட்டேஷன் படிக்க எனக்குத் தெரியும். ஆவடியில் ஒரு சர்ச்சின் வாத்தியக் குழுவில் மூன்று வருஷம் இருந்தபோது கற்றுக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் ஒருவர்கூட இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

போன வருஷம் மாங்காட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் முடிந்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சேலத்துக்காரர், ஐடி வேலை, காட்டுப்பாக்கத்தில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மேற்கத்திய இசை வாசிக்கிறார்களாம். அவர் கிளாரினெட்.

"எங்க சாக்ஸபோன்காரர் பெங்களூர் போயிட்டாருங்க. இப்ப ஒரு நிகழ்ச்சிக்கு ஜெர்மன்காரர் ஒருத்தரோட பீஸ் எடுத்திருக்கோம். நீங்க வந்தா நல்லா இருக்கும்."

"நான் பேண்டு செட்டு ஆளு மேடம்."

"அதனாலதாங்க கேக்கறேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டேன்.

என் பங்குக்கான தாள்களைப் போனில் அனுப்பினார். அச்செடுத்து ஒரு வாரம் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். எழுதினவர் ஜெர்மனியில் முறையாகச் சங்கீதம் படித்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ் இசை நடன விடுதிகளில் ஒலித்த காலத்தில் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, தன் சாஸ்திரிய இசைக்குள்ளேயே கொண்டுவந்தவர். தாளம் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். இரண்டு சுரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு சாய்கோடு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்கிக்கொண்டு போ என்று அர்த்தம். அதை நான் இருபது வருஷமாகத் தெருவில் செய்கிறேன். இவ்வளவு தூரத்தில் ஒருத்தர் அதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவிகூட எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, இத நீ ஏற்கெனவே வாசிச்சுகினு இருந்தியே" என்றாள்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் கிளப் ஹவுஸில். குழுவை நடத்துகிறவர் மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், வெளிநாட்டில் கொஞ்ச நாள் இசை படித்தவர். என் தனிப் பகுதி வந்தது. கோடு இருந்த இடத்தில் வழுக்கினேன். அவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"கொஞ்சம் நாகரிகமா வாசிங்க. இது கிளாசிக்கல். சாவு ஊர்வலம் இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளாரினெட் மேடம் உட்பட.

"சார், நோட்டுல கோடு கீது பாருங்க. வழுக்கச் சொல்லித்தான் போட்டுகீறாரு."

"இருக்கட்டும். அதுக்கு ஒரு அளவு இருக்கு. நீங்க பழகின பழக்கம் அப்படி."

பழகின பழக்கம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான். செத்தவர் வீட்டில் வாசிப்பது கேவலம் என்று இவருக்கு யார் சொன்னது? இவர் வீட்டிலும் ஒரு நாள் ஆள் தேவைப்படாதா?

அந்த வாரம் முழுக்க மதிய உணவு இடைவேளையில் அந்த ஜெர்மன்காரரைப் பற்றிப் படித்தேன். அந்த நாட்டு ஆட்சியாளர்களுக்கு அவர் இசை பிடிக்கவில்லை. சீரழிந்த இசை என்று தடை போட்டார்கள். அவர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. அந்த மாதிரி இசையைக் கேவலப்படுத்த அவர்கள் அடித்த ஒரு சுவரொட்டியையும் பார்த்தேன். ஒரு கறுப்பரைக் குரங்குபோல வரைந்து, கையில் சாக்ஸபோனைக் கொடுத்திருந்தார்கள். நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அதை அவரிடமே சொன்னேன். "சார், இவரு இன்னாத்துக்கு ஊர உட்டுப் போனாரு தெரியுமா? நீங்க சொன்ன அதே பேச்ச அவரும் கேட்டுகீறாரு."

"நல்லா கூகுள் பண்ணியிருக்கீங்க" என்று சிரித்தார். பிறகு என் ஸ்டாண்டுக்கு வந்து, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு சாய்கோட்டின் மேலும் கிறுக்கி அடித்தார். ஏழு இடம். அவருடைய தாள் இல்லை, என்னுடைய தாள். "இப்ப குழப்பம் இருக்காதுல்ல?"

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் என் மகளின் ரப்பரை வாங்கி அந்த ஏழு கிறுக்கலையும் அழித்தேன். மேடையில் அச்சில் இருந்தபடியே வாசித்தேன். அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அவர் கழுத்து விறைப்பதைப் பார்த்தேன், ஆனால் தாளம் காட்டுகிற கையை நிறுத்த அவரால் முடியாது, எதிரே ஜனம். அந்தப் பகுதி முடிந்ததும் பாட்டு முடியும்முன்னே சிலர் கை தட்டினார்கள். கடைசியில் அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போனார்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து அவர் இணையத்தில் ஒரு சின்ன வீடியோ போட்டார். முழு நிகழ்ச்சியிலிருந்து அவர் தேர்ந்தெடுத்தது என் தனிப் பகுதி. வழுக்கும் இடத்தில் ஆரம்பித்து வழுக்கும் இடத்தில் முடிகிறது. முகம் வரவில்லை, வாத்தியமும் விரல்களும் மட்டும். கீழே, எங்கள் குழுவின் அசல் ஜாஸ் உணர்வு என்று எழுதியிருந்தார். வாசித்தவர்கள் பட்டியலில் மற்ற எல்லோர் பெயரும் இருந்தது. சாக்ஸபோனுக்கு நேரே 'விருந்தினர்' என்று இருந்தது.

அவருக்கு எழுதினேன்: "சார், நீங்க அடிச்ச கோடுங்கதான் இது." பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அன்று சாயங்காலம் கிளாரினெட் மேடம் கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

"அன்னிக்கு முதல் நாளே நான் வாயத் திறந்திருக்கணுங்க. எனக்குத் தப்புன்னு தெரிஞ்சுது. பேசாம இருந்துட்டேன்."

பரவாயில்லை மேடம் என்று வாய் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகின வார்த்தை அது, கேட்டவுடன் வந்துவிடும். விழுங்கிக்கொண்டேன்.

"ஆமா மேடம்," என்றேன். "திறந்திருக்கணும்."