வாசிக்காமல் அமுக்கச் சொன்னேன்

சொன்னபடி செய்தவள் தண்டிக்கப்படும்போது, சொன்னவனுக்கு என்ன பெயர்?

இக்கேள்வியை நீங்கள் எனக்காகச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இதை மட்டும் நம்புங்கள். பழங்காநத்தத்து மையத்தில் பாடங்கள் அழிந்ததற்குக் காரணம் சித்ரா அல்ல... நான்!

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பிரெயிலாக்கித் தந்த சிறிய மையம் அது. சித்ரா அங்கே சம்பளத்துக்குத் தட்டச்சு செய்தாள். கணினிப் பட்டதாரியான நான் சேவையாகச் சென்று, தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் அது ஓடும்.

ஒருநாள் ஓடவில்லை. கோப்பே இல்லை என்றது திரை. என் நிரலில்தான் பிழையென்று வரிவரியாகத் தேடினேன். பிறகே புரிந்தது... புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ், என் நிரலையே வைரஸ் என்றெண்ணிப் பூட்டிவைத்திருந்தது! மீட்டெடுத்தேன். இருந்தும் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சிவப்புப் பெட்டி எழுந்து எச்சரித்தது.

சரியான தீர்வு எனக்குத் தெரியும். ஆன்டிவைரஸின் சோதனையிலிருந்து அந்த ஒரு நிரலுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்க வேண்டும். செய்தேனா? பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

“அண்ணே, மறுபடியும் செவப்புப் பொட்டி!”

“அது சும்மா கத்துதும்மா. வாசிக்கெல்லாம் வேணாம், ‘அனுமதி’ய அமுக்கு.”

“நாய் குலைச்சா யாருன்னு எட்டிப் பாக்க வேணாமாண்ணே?”

“இது வீட்டுக்காரனப் பாத்தே குலைக்கிற நாய்!”

இருவரும் சிரித்தோம். அவள் பழகிக்கொண்டாள்.

தேர்வு நெருங்கிய வாரம், யாரோ கொடுத்த பென் டிரைவைச் செருகினாள். சிவப்புப் பெட்டி வந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அமுக்கினாள். இம்முறை வந்தது உண்மையான வைரஸ்! தட்டச்சு செய்திருந்த பாடங்கள் அனைத்தும் அழிந்தன. பிரதி எதுவும் இல்லை.

நடந்ததை நிர்வாகியிடம் ஒளிக்காமல் சொன்னாள் சித்ரா. என் பெயரை மட்டும் சொல்லவில்லை.

“ஏம்மா, என்ன ஏதுன்னு வாசிக்காமயா அமுக்குவ? அம்புட்டுப் பயலுகளும் இனி எதை வச்சுப் பரீட்சை எழுதுவாய்ங்க?” அவர் கொதித்தார்.

சித்ரா என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வையல்ல... நான் பேசுவேன் என்று காத்திருந்த பார்வை. நானோ, மவுஸ் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்!

“தப்புத்தான் சார்,” என்றாள்.

மறுநாள் முதல் வரவேண்டாம் என்றார்கள். மாணவர்கள் அரைகுறைப் பாடத்தோடு தேர்வுக்குப் போனார்கள்.

எதற்கு அஞ்சினேன்? சேவை செய்ய வந்தவன் என்ற நற்பெயர் போய்விடும் என்றா? அவளுடைய பிழைப்பைவிட அது பெரிதா?

அவள் போனபின் அந்த விலக்கை அளித்து முடித்தேன். வாங்கிவைத்த தேநீர்கூட அதற்குள் ஆறவில்லை...

சில ஆண்டுகள் கழித்து மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், புறப்படவிருந்த பேருந்தின் சன்னலிலிருந்து அவள் குரல். “அண்ணே, நல்லாருக்கீகளா? அந்த நாய் இன்னும் குலைக்குதா?”

சிரித்தபடிதான் கேட்டாள்.

“இல்லம்மா,” என்றேன். பேருந்து நகர்ந்துவிட்டது.

இப்போது யாருக்குக் கணினி கற்றுத்தந்தாலும், எச்சரிக்கையை முழுதாக வாசித்த பின்பே கைவைக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் காரணத்தை இதுவரை சொன்னதில்லை.