மெத்தையில் சிந்திய மஞ்சள் பால்

மஞ்சள் மேல் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகும். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் வெள்ளைக் காகிதத்தில் செய்து காட்டியதை, மலையாள தேசத்தில், எங்கள் கரமனை வீட்டில் அம்மா, அப்பா, சித்தப்பா, சித்தி என்று ஒருவர் விடாமல் உட்கார வைத்துச் செய்து காட்டினேன். பால் பாக்கெட் போட வந்தவரைக்கூட விடவில்லை. அத்தனை கெட்டிக்காரியான நான், அதே மாதம் சித்தியின் மெத்தையில் மஞ்சள் பாலைக் கொட்டிவிட்டு அதன்மேல் துணி சோப்பைத் தேய்த்தேன். காகிதத்தில் நடந்தது பாடம். மெத்தையிலும் அதுவேதான் நடக்கும் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதம் வீட்டில் ஒரு சந்தோஷம் குசுகுசுவென்று ஓடிக்கொண்டிருந்தது. சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காவான அத்தை, எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு போனில் யாரிடமோ, "அவளுக்குக் குளி தெற்றியிருக்காக்கும். பதினஞ்சு நாளாச்சு. யார்ட்டயும் பறய வேண்டாம், கேட்டியா" என்று தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "இல்லை அத்தை, சித்தி தெனம் ரெண்டு நேரம் குளிக்கறாளே."

அத்தை சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது. மாதக் குளியல் தள்ளிப்போவதை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். மலையாளப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. எனக்கு இருமல் என்று மஞ்சள் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அம்மா சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில் இல்லை. சித்தி குளியலறையில் இருந்தாள். வெகுநேரமாகக் குழாய் முழுதாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. குதிப்பதற்கு அந்த வீட்டில் சித்தியின் மெத்தையைப் போல் வேறொன்றில்லை. கல்யாணச் சீருக்காகச் சொல்லித் தைத்த இலவம்பஞ்சு மெத்தை, புரட்டிப் போடவே இரண்டு ஆள் வேண்டும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினேன்.

விரிப்பை உருவினால், பால் மெத்தைக்குள் இறங்கியிருந்தது. சோப்பைத் தேய்த்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். பஞ்சு மொத்தத்தையும் குடித்துவிட்டு, கறையைத் தாம்பாளம் அளவுக்கு அகலமாக்கித் திருப்பித் தந்தது. நல்ல சிவப்பு. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், சோதனை இவ்வளவு பெரிதாக வந்ததில். பிறகுதான் இது சித்தியின் மெத்தை என்பது உறைத்தது. சமையலறைக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு திரும்பினால், அறைவாசலில் குடையும் தூக்குமாக அத்தை நின்றிருந்தாள்.

சித்திக்காக வலியசாலைக் கோவிலில் வழிபாடு கழித்து, பால் பாயசம் வாங்கி வந்திருந்தாள். அவள் கண் மெத்தையில் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "அப்போ இதும் இல்லையாக்கும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

எனக்குப் பாதி புரிந்தது. ரத்தம் என்று நினைக்கிறாள். அது வந்தால் பாப்பா இல்லை. அவ்வளவு தெரிந்தது. கையில் எலுமிச்சை மூடி இருந்தது. ஒரு பிழி பிழிந்தால் அத்தையின் கண்முன்னே சிவப்பு மஞ்சளாகியிருக்கும். ஆனால் அப்புறம் பால் யார் கொட்டியது என்று வரும். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தலையில் ஈரத் துண்டோடு சித்தி வந்தாள்.

"எப்போடி?" என்றாள் அத்தை.

சித்தி குனிந்து கறையை விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் மறைத்த என் கையிலிருந்து சாறு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்திக்கு, அக்கா" என்றாள்.

"என்கிட்ட ஒரு வாக்கு பறயப்படாதா? நான் அங்க போய் வழிபாடு கழிச்சிண்டு நிக்கறேன்." சித்தி தூக்கை வாங்கக் கையை நீட்டினாள். "வேண்டாம், பிரசாதம். நீ தொடப்படாது." அத்தை கூடத்துக்கு நடந்து, சித்திக்கென்று கொண்டுவந்த பாயசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். நான் வழித்துக் குடித்தேன். தித்தித்தது. எழுதும்போது கூசுவது அந்த இடம்தான்.

சித்தி எனக்காகப் பொய் சொன்னாள் என்றே பல வருஷம் நம்பினேன். அவளுக்கு நிஜமாகவே முந்தின நாள் வந்துவிட்டதென்றும், அதைச் சித்தப்பாவிடம்கூடச் சொல்ல வாய் வராமல் இருந்தாளென்றும், நான் கல்லூரிக்குப் போன பிறகு பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். என் கறை அவளுக்காகப் பேசிவிட்டிருக்கிறது.

அத்தை போனதும் மழை விட்டது. தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்த மெத்தையை நானும் சித்தியும் படிப்படியாக மொட்டைமாடிக்கு இழுத்துப்போனோம். சித்தி முழங்காலிட்டு இரண்டு கையாலும் அமுக்க அமுக்க, தையல் வழியாகத் தண்ணீர் வழிந்தது. நான் எலுமிச்சையைப் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. சித்தி ஆச்சரியப்படவில்லை.

"எனக்காகவா பொய் சொன்னேள், சித்தி?"

"பேசாம பிழி."

அவள் முகமெல்லாம் ஈரம். குளித்த தலை, சரியாகத் துவட்டவில்லை என்று நினைத்தேன்.

"பாருங்கோ சித்தி, மஞ்சக் கறைக்கு வெயிலே மதி, வேறொண்ணும் வேண்டாம். ரெண்டு நாள் நல்லா அடிச்சா இருந்த எடமே தெரியாது" என்றேன்.

"உன்னோடது போயிடும்டி" என்றாள் சித்தி.

பாராட்டுகிறாள் என்று எண்ணி, மற்ற மூடியையும் எடுத்து மும்முரமாகப் பிழிந்தேன்.