சத்தம் போடாத ஆட்டோ

அந்த அக்கா ஓட்டியது பேட்டரி ஆட்டோ. அது சத்தமே போடாது என்பதால், அவரே "ஓரம், ஓரம்!" என்று வாயால் கத்திக்கொண்டு ஓட்டுவார். காக்கிச் சட்டை, பெரிய குங்குமப் பொட்டு, தெருவையே எழுப்பும் குரல்.

அன்று செவிலிமேட்டில் கரண்ட் இல்லை. வீட்டு வைஃபையும் போய்விட்டது; வீட்டுக்குள் போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. மகளுக்கோ ஆன்லைனில் நேர்காணல். ஊருக்குள் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அவளை அந்த ஆட்டோவில் அழைத்துப் போனேன். பாதி வழியிலேயே அவள் போனில் நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது.

"நிறுத்துங்கக்கா" என்றேன்.

"நிறுத்தினா பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான். ஓடிக்கினே இருப்போம். நீ பேசு கண்ணு."

"சார்ஜ் தாங்குமா?" என்று கிசுகிசுத்தேன்.

அவரும் குரலைத் தணித்தார். "டீசல் ஆட்டோன்னா ரொம்ப தூரம் ஓடும். உன் பொண்ணு பேசறதுதான் கேக்காது. எது வேணும், சொல்லும்மா?"

ராஜ வீதிகளை மெதுவாகச் சுற்றி வந்தோம். மாடு குறுக்கே வந்தபோதுகூட அக்கா வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில், "திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடுங்கள்" என்றது போன். மகள் துள்ளினாள். அடுத்த திருப்பத்தில் சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றது.

நானும் மகளும் இறங்கித் தள்ளினோம். அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினார்: "ஓரம், ஓரம்! வேலை கெடைச்ச பொண்ணு வருது, ஓரம்!"

பட்டுக்கடை வாசலில் நின்றவர்கள் உண்மையாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் தெருவில் யாராவது "ஓரம்" என்றால் நான் ஒதுங்குவதில்லை, திரும்பிப் பார்க்கிறேன்.